கைவைக்காத படம்

மார்ச் 4

தம்பிக்கு,

கடிதம் எழுதுகிறேனே என்று பார்க்காதே. போனில் பேசினால் உனக்குப் புரியாது. மூக்கு இருந்த இடம் வழியாகக் காற்று அதுபாட்டுக்கு வெளியே போய்விடுகிறது. போன வாரம் மருந்துக்கடைக்குப் போன் செய்து பஞ்சு கேட்டேன். "தப்பான நம்பர்மா" என்று அந்த ஆள் வைத்துவிட்டான். ரயில் நிலையத்தில் இருபத்திரண்டு வருஷம் விசாரணைக் கவுண்டரில் உட்கார்ந்து, போகிறவன் வருகிறவனுக்கெல்லாம் எந்த வண்டி எந்த நடைமேடை என்று தொண்டை கிழியச் சொன்னவள் நான்.

ஆபரேஷனுக்கு நீ வரவில்லை. அதை எழுதக் கூடாது என்றுதான் பேனாவை எடுத்தேன், இரண்டாவது பத்தியிலேயே வந்துவிட்டது. "வேலை மாட்டிக்கிச்சுக்கா, அடுத்த வாரம் வரேன்" என்றாய். அந்த அடுத்த வாரம் போய் ஐந்து மாதம் ஆகிறது. சரி, விடு.

எப்படி இருக்கிறது என்று நீ கேட்கவில்லை, அதனால் நானே சொல்கிறேன். கட்டியோடு மூக்கு முழுவதையும் எடுத்துவிட்டார்கள். முகத்தின் நடுவில் ஒரு பள்ளம். அதன்மேல் வெள்ளைத் துணி வைத்து ஒட்டிக்கொண்டிருக்கிறேன். அலுவலகத்தில் என்னைக் கவுண்டரிலிருந்து எடுத்துப் பின்பக்கம் பார்சல் அறையில் போட்டுவிட்டார்கள். "பயணிங்க சங்கடப்படுறாங்க, உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்றார் மேலாளர். மூட்டைகளுக்கு நான் வழி சொல்ல வேண்டியதில்லை. போக வேண்டிய இடம் அதனதன் மேலேயே ஒட்டியிருக்கிறது.

ஆஸ்பத்திரியில் ஒருவர் சிலிக்கானில் மூக்கு செய்து தருகிறார். காலையில் பசை போட்டு ஒட்டிக்கொண்டு, படுக்கும்போது கழற்றிவிடலாம், பல்செட் மாதிரி. அது வந்தால் கவுண்டருக்குத் திரும்பலாம் என்று மேலாளர் எழுதியே கொடுத்திருக்கிறார். அச்சு செய்ய அந்த மனிதருக்கு என் பழைய முகம் வேண்டும். "பெருசா, தெளிவா, ஸ்டூடியோவுல எடுத்த படம் வேணும்மா. யாரும் கைவைக்காத படமா இருக்கணும்" என்றார்.

என்னிடம் படம் ஏது? அப்பாவின் மூக்கை வாங்கிக்கொண்டு பிறந்ததால், கேமராவைக் கண்டாலே பின்வரிசைக்கு ஓடினவள் நான். நடுவில் ஒரு மேடு, கீழே இடப்பக்கம் ஒரு சாய்வு. பள்ளிக்கூடத்தில் என்னைக் கிளி என்றார்கள், உன்னைக் கிளியின் தம்பி என்றார்கள். ஒழுங்காக உட்கார்ந்து நான் எடுத்துக்கொண்ட படம் வாழ்க்கையில் ஒன்றே ஒன்றுதான். இருபது வருஷப் பணிக்கான பாராட்டுப் பலகையில் மாட்ட, இரண்டு வருஷத்துக்கு முன்பு உன் ஸ்டூடியோவில் நீ எடுத்தது.

அன்று உன்னிடம் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். வீட்டுக்கு வந்து அந்தப் படத்தை ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதே மூக்குதான், ஆனால் அசிங்கமாக இல்லை. பிரியம் இருக்கிறவன் பார்த்தால் நான் இப்படித்தான் தெரிவேன் போலிருக்கிறது என்று நினைத்தேன். அன்றிலிருந்து கண்ணாடியைவிட அந்தப் படத்தைத்தான் நம்பினேன்.

அதன் அசலை அனுப்பு. பக்கவாட்டில் எடுத்தது இருந்தால் அதையும் வை. சீக்கிரம்.

அக்கா


மார்ச் 17

அக்காவுக்கு,

உடனே பதில் போடவில்லை என்று கோபிக்காதே. ஒரு கம்பெனியில் மேலதிகாரிகள் நாற்பது பேருக்கும் முகப்படம் எடுக்க வேண்டியிருந்தது. நாற்பது பேரும் "இயல்பா இருக்கணும் சார்" என்கிறார்கள். பிறகு ஒவ்வொருவராகத் தனியே வந்து, "இந்தத் தாடையை மட்டும் கொஞ்சம் பாத்துக்கோங்க" என்கிறார்கள். என் பிழைப்பே அதுதான்.

ஆபரேஷனுக்கு வராதது தப்புதான். எதைச் சொன்னாலும் சாக்காகத்தான் இருக்கும், அதனால் சொல்லவில்லை.

படங்களை ஒரு பென்டிரைவில் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். முன்பக்கம் ஒன்று, பக்கவாட்டில் இரண்டு. வெளிச்சத்தை மட்டும் சீர் செய்திருக்கிறேன், அது எல்லாரும் செய்வதுதான்.

ஒன்று கேட்கட்டுமா? அவர் இருந்தது இருந்தபடியேதான் செய்வாரா? எப்படியும் புதிதாகத்தானே செய்யப் போகிறார், கொஞ்சம் எடுப்பாகச் செய்தால் என்ன? ஸ்கூட்டரில் விழுந்து என் மூக்கு உடைந்தபோது டாக்டர் நேராக்கிவிட்டாரே, அதனால் என்ன குடிமுழுகிப் போயிற்று? சும்மா கேட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி


ஏப்ரல் 22

தம்பிக்கு,

மூக்கு வந்துவிட்டது.

ஒட்டிவிட்டு அந்த மனிதர் இரண்டு அடி தள்ளி நின்று பார்த்தார். நிறம் அவ்வளவு பொருத்தம், சின்னத் துளைகள்கூட வைத்திருக்கிறார். கையில் கண்ணாடியைக் கொடுத்தார். முகத்தில் பள்ளம் இல்லை என்பதே போதுமாக இருந்தது, அழுதுவிட்டேன். "அழாதீங்கம்மா, பசை விட்டுடும்" என்றார்.

வீட்டுக்கு வந்து நிதானமாகப் பார்த்தபோதுதான் ஏதோ சரியில்லை என்று பட்டது. நல்ல மூக்கு. யாருக்கு வேண்டுமானாலும் பிடிக்கிற மூக்கு. ஆனால் என் முகத்தில் வேறு யாரோ வந்து உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. பழகினால் சரியாகிவிடும் என்று வேலைக்குப் போனேன். பக்கத்துக் கவுண்டரில் ஒருத்தி உண்டு, ஒரு நிமிஷம் முந்தியும் வரமாட்டாள், பிந்தியும் வரமாட்டாள், நாங்கள் கடிகாரம் என்போம். அவள் என்னைப் பார்த்து, "நல்லாருக்குக்கா, ரொம்ப நல்லாருக்கு" என்றாள். அதற்கப்புறம் அன்று முழுவதும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

பதினைந்து வருஷமாக ஒரு பெரியவர் தினமும் என்னிடம் வந்து, "ஏழு நாப்பது வண்டி லேட்டா?" என்று கேட்பார். வேறு ஒரு வார்த்தை பேச மாட்டார். ஆறு மாதம் கழித்து அன்று நான் கவுண்டரில் இருக்கிறேன், அவர் வந்து நிற்கிறார். என்னைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இங்க ஒரு அம்மா இருப்பாங்களே, அவங்க போய்ட்டாங்களாம்மா?" என்று கேட்டார். "மாத்தலாகிப் போயிட்டாங்க" என்றேன். என் பேச்சு அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவர் பொறுமையாக உன் படத்தை வைத்து, மூக்கையும் வைத்து, அளந்து காட்டினார். நூலிழை வித்தியாசம் இல்லை. "மூக்கு சரியாத்தாம்மா இருக்கு. ஆபரேஷன்ல உங்க கன்னம், உதடு எல்லாம் இழுத்துக்கிட்டிருக்கும். முகம் மாறிப்போச்சு" என்றார். அப்படியானால் வெட்டிய இடத்தில் மட்டும் இல்லை, வெட்டாத இடத்திலும் நான் போய்விட்டேன். மிச்சம் என்று நினைத்ததும் மிச்சமில்லை. இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை.

கூடப் பிறந்தவர்கள் யாருக்காவது அதே மூக்கு இருந்தால் அதில் அச்சு எடுத்துப் பார்க்கலாம் என்றும் சொன்னார். யாரிடம் இருக்கிறது? அப்பாவோடு ஒன்று போயிற்று, என்னுடையதை வெட்டினார்கள், உன்னுடையதை ஸ்கூட்டர் கொண்டுபோயிற்று.

என்னை எடுத்தவன் நீ. உன் கண்ணுக்குத் தெரியும். ஒரே ஒரு தடவை வந்து பார்த்துச் சொல்லிவிட்டுப் போ. மூக்கு தப்பா, முகம் தப்பா?

அக்கா


மே 3

அக்காவுக்கு,

உன் முகம் தப்பில்லை. படம் தப்பு.

பலகைக்காக எடுத்தேனே, அதில் உன் மூக்கை நேராக்கினேன். மேட்டைக் குறைத்து, சாய்வை எடுத்துவிட்டேன். கால் மணி நேர வேலை. வருகிறவர்கள் எல்லாருக்கும் செய்வதைத்தான் செய்தேன், கேட்காமலே செய்தேன். நீ படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் பையில் வைத்துக்கொண்டாய். கண்டுபிடித்துவிட்டாய், பெருந்தன்மையாக விட்டுவிட்டாய் என்று நினைத்தேன்.

மார்ச்சில் நீ அசல் கேட்டபோது என்னிடம் அசல் இருந்தது, அக்கா. இதைத்தான் எழுத முடியாமல் பத்து நாளாகத் திணறுகிறேன். பக்கவாட்டுப் படங்களை அதுவரை நான் தொட்டதே இல்லை. உன் கடிதம் வந்த பிறகு மூன்று நாள் உட்கார்ந்து அவற்றையும் நேராக்கினேன், முன்பக்கப் படத்தோடு ஒத்துப்போக வேண்டுமே. உனக்கு ஒரு நல்ல மூக்கு அமையட்டும் என்று நினைத்தேன், அது பொய்யில்லை. நான் மாட்டிக்கொள்ளக் கூடாது என்றும் நினைத்தேன். இரண்டில் எது முதலில் வந்தது என்று கேட்டால் எனக்கே தெரியவில்லை.

ஸ்கூட்டரும் பொய். கல்யாணத்துக்கு முன்பு நானே போய்ப் படுத்துச் செய்துகொண்டது. நீ நம்ப வேண்டும் என்று வண்டியைக் கொண்டுபோய்ச் சுவரில் தேய்த்துக் கீறல் போட்டேன். ஆபரேஷனுக்கு வராததற்கும் வேலை காரணமில்லை. அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

அசல் மூன்றையும் இத்துடன் அனுப்புகிறேன். சத்தியமாக ஒன்றிலும் கைவைக்கவில்லை. அவரிடம் கொடு. திரும்பச் செய்யச் சொல். என்னைத் திட்டு.

தம்பி


மே 8

நீ கெட்ட கேட்டுக்குச் சத்தியம் வேறு.

இத்தனை வாரமாக என் கன்னத்தைத் திட்டினேன். உதட்டைத் திட்டினேன். கண்ணாடி முன் நின்று வாயை இழுத்து இழுத்துப் பார்த்தேன், எந்தப் பக்கம் இழுத்தால் பழைய நான் வருவேன் என்று. பாவம், என் முகம் ஒரு தப்பும் செய்யவில்லை.

ஸ்கூட்டரில் விழுந்துவிட்டான் என் தம்பி என்று ஒரு வாரம் விடுப்பெடுத்து உனக்கு ஊட்டிவிட்டேன். நீ வாயைத் திறந்து வாங்கிக்கொண்டாய்.

பிரியம் இருக்கிறவன் பார்வை என்று உனக்கு எழுதினேனே, அதைப் படித்துவிட்டுமா மூன்று நாள் உட்கார்ந்து அந்த வேலையைச் செய்தாய்? நீ என்னைப் பார்க்கவே இல்லை. சின்ன வயதிலிருந்தே பார்க்கவில்லை. உன் மூக்கு உனக்கு அவமானமாக இருந்தது, அதை என் முகத்திலும் பார்க்கப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

எனக்கு எழுதாதே.


மே 20

அக்காவுக்கு,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன்.

நீ சொன்னது எல்லாம் சரி. எதற்கும் மறுப்பு இல்லை. அசலை அவரிடம் கொடுத்தாயா என்று மட்டும் ஒரு வரி எழுது. என்மேல் உள்ள கோபத்தில் அதைத் தூக்கிப் போட்டுவிடாதே.

ஸ்டூடியோவுக்குப் போகிறேன். வருகிறவர்களை உட்கார வைக்கிறேன். "மூக்கைக் கொஞ்சம்" என்று யாராவது ஆரம்பித்தால் உன் கடிதம் ஞாபகம் வருகிறது. இருந்தும் செய்து கொடுத்துவிடுகிறேன். வேறு என்ன தெரியும் எனக்கு?

தம்பி


ஜூன் 12

தம்பிக்கு,

அசலைக் கொடுத்தேன். கோபம் வேறு, மூக்கு வேறு.

போன வாரம் அவர் கூப்பிட்டனுப்பினார். களிமண்ணில் பிடித்து வைத்திருந்தார், சுடவோ அச்சு வார்க்கவோ இல்லை, வெறும் மண். தட்டில் அப்பாவின் மூக்கு கிடந்தது. தொட்டுப் பார்த்தேன். மேடு இருந்தது, சாய்வு இருந்தது. ஐம்பது வயதுவரை எதைக் கண்டு ஓடினேனோ அதை விரலால் தடவிக்கொண்டு நின்றேன். "இதுதானேம்மா?" என்றார். "இதேதான்" என்றேன்.

அதற்கு மறுநாள் சோதனைக்குப் போக வேண்டியிருந்தது. கட்டி திரும்ப வந்திருக்கிறது. கண்ணுக்குக் கீழேயும், மேல் அண்ணத்திலும். டாக்டர் என்னைப் பார்க்காமல் ஸ்கேன் படத்தையே பார்த்துக்கொண்டு பேசினார், உனக்குத் தூரத்துச் சொந்தமோ என்னவோ. வெட்ட இனி இடமில்லை. கதிர்வீச்சு வைப்பார்கள், வலி குறையும், அவ்வளவுதான். அந்தச் சூட்டில் தோல் வெந்துவிடும், பசை பிடிக்காது. அதனால் மூக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

முதல் தடவையே அசல் வந்திருந்தால் இரண்டு மாதம் போட்டுக்கொண்டிருப்பேன். குத்திக்காட்ட எழுதவில்லை. நாள்களை எண்ணிப் பார்த்தால் அப்படித்தான் வருகிறது. இரண்டு மாதம் கவுண்டரில் நானாக உட்கார்ந்திருப்பேன். அந்தப் பெரியவருக்கு நானே பதில் சொல்லியிருப்பேன்.

இப்போது உன்னிடம் ஒன்று கேட்கிறேன், கடைசியாக. வந்து என்னை ஒரு படம் எடு. துணி இல்லாமல், அந்தச் சிலிக்கானும் இல்லாமல், எப்படி இருக்கிறேனோ அப்படி. பலகையில் தொங்குகிறவள் நான் இல்லை. என் கவுண்டரில் என்னைத் தேடினவருக்கும் நான் கிடைக்கவில்லை. எங்கேயாவது ஒரு காகிதத்திலாவது நான் இருந்தபடி இருக்க வேண்டும். கைதேர்ந்தவன் நீ. அழகாக வேண்டாம், நானாக வேண்டும்.

உன்னால் முடியாது என்றால் முடியாது என்று எழுது. வேலை என்று எழுதாதே.

அக்கா


ஜூலை 5

அக்காவுக்கு,

படம் இத்துடன் இருக்கிறது. பெரிய அளவில், நல்ல காகிதத்தில் எடுத்திருக்கிறேன்.

அன்று உன் வீட்டில் நான் விளக்குகளை வைப்பதும் எடுப்பதுமாக இருந்ததைப் பார்த்து, "எதுக்குடா இந்தக் கல்யாண ஏற்பாடு?" என்றாயே. நீ அப்படிக் கேட்டதால்தான் என்னால் கேமராவைக் கையில் எடுக்க முடிந்தது. துணியை எடுத்தபோது உன்னைப் பார்த்தேன். நான் பயந்த மாதிரி இல்லை. கண் அப்படியேதான் இருக்கிறது.

ஊருக்கு வந்து எல்லாவற்றையும் பார்த்து இந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். ஒரு புள்ளிகூட மாற்றவில்லை. இருபது வருஷத்தில் நான் எடுத்ததிலேயே இதுதான் நல்ல படம் என்று தோன்றுகிறது. பார்த்துவிட்டு எழுது.

தம்பி


ஜூலை 13

தம்பிக்கு,

படத்தைத் திருப்பி அனுப்புகிறேன். மடங்காமல் அட்டை வைத்திருக்கிறேன்.

ஒரு புள்ளிகூட மாற்றவில்லை என்றாய், நம்புகிறேன். ஆனால் விளக்கை என் வலப்பக்கம் வைத்தாய். "கொஞ்சம் திரும்புக்கா, இன்னும் கொஞ்சம்" என்று மூன்று தடவை சொன்னாய். பள்ளம் முழுவதும் இருட்டுக்குள் போய்விட்டது. ஒரு கண், ஒரு கன்னம், நடுவில் கருப்பாக நிழல். தெரியாதவன் பார்த்தால் அங்கே மூக்கு இருக்கிறது, நிழல் விழுந்திருக்கிறது என்றுதான் நினைப்பான். போன தடவை கம்ப்யூட்டரில் செய்ததை இந்தத் தடவை விளக்கை வைத்துச் செய்துவிட்டாய்.

நீ வேண்டுமென்று செய்யவில்லை. அது எனக்குத் தெரியும். வேண்டுமென்று செய்திருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன். உன்னால் முடியவில்லை, அவ்வளவுதான். அன்று முழுவதும் நீ கேமராவுக்குள் கண்ணை வைத்துக்கொண்டுதான் என்னைப் பார்த்தாய். கேமராவைக் கீழே வைத்ததும் சுவரைப் பார்த்துப் பேசினாய்.

நான் நேற்று எங்கள் தெருமுனைக்குப் போனேன். அடையாள அட்டைக்குப் படம் எடுக்கிற கடை, ஒரு நடுத்தர வயதுப் பெண் நடத்துகிறாள். துணியை எடுத்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்தேன். ஒரு நிமிஷம் அவள் என்னைப் பார்த்தாள். பிறகு, "நேராப் பாருங்க, அசையாதீங்க" என்றாள். எடுத்தாள். திரையைப் பார்த்துவிட்டு, "கண்ணை மூடிட்டீங்கக்கா, இன்னொண்ணு எடுத்துடலாம்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவ்வளவு பெரிய பள்ளம் இருக்கிறது, அவளுக்குக் கண் மூடினதுதான் குறையாகத் தெரிந்தது.

எல்லாம் விழுந்திருக்கிறது. பள்ளம், தையல், உள்ளே சிவப்பு, எல்லாம். பார்க்க நன்றாக இல்லை. நான்தான்.

நாலு படம் கொடுத்தாள். ஒன்றை உனக்கு வைத்திருக்கிறேன். எனக்கு அப்புறம் படம் கேட்பார்கள். போட்டோக்காரன் நீதானே, உன்னிடம்தான் வருவார்கள். நீ பலகைப் படத்தை எடுத்துக் கொடுப்பாய், மனசு கேட்காவிட்டால் இந்த நிழல் படத்தைக் கொடுப்பாய். இரண்டும் வேண்டாம். இதைப் பெரிதாக்கிக் கொடு. வருகிறவர்கள் முகம் சுளித்தால் சுளிக்கட்டும், ஒரு நாள்தானே.

கதிர் வைக்க ஆரம்பித்துவிட்டார்கள். வாய் முழுவதும் புண். இனி நீளமாக எழுத முடியாது.

அக்கா


ஜூலை 26

அக்காவுக்கு,

உன் சின்னப் படத்தை ஸ்கேன் செய்து திரையில் போட்டேன். பெரிதாக்க மட்டும்தான் போட்டேன். என்ன நடந்தது என்று மறைக்காமல் சொல்கிறேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கை தானாகப் போய், தையல் ஓரத்தில் ஒரு சிவப்பை எடுத்துவிட்டது. நான் நினைக்கக்கூட இல்லை. சேமிக்காமல் மூடிவிட்டு எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

மறுநாள் அதை எடுத்துக்கொண்டு இங்கே இன்னொருவர் ஸ்டூடியோவுக்குப் போனேன். அவருக்கு என்னைத் தெரியாது. பெரிதாக்கித் தர வேண்டும் என்றேன். படத்தைப் பார்த்துவிட்டு, "யார் சார் இவங்க?" என்றார்.

"எங்க அக்கா."

அவர் என்னையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். நல்ல மனுஷன், குரலை இறக்கிக்கொண்டு, "நான் சரி பண்ணித் தந்துடுறேன் சார், தெரியாம பண்ணிடலாம்" என்றார். நான் எத்தனை பேரிடம் இதே குரலில் சொல்லியிருக்கிறேன்.

"வேணாம். அப்படியே இருக்கட்டும்" என்றேன்.

அவர் வேலையை முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்று அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதையும் தொடவில்லை. அட்டையில் சுற்றிக் கொடுத்தார்.

இப்போது வீட்டில் என் மேஜைக்கு எதிரே மாட்டியிருக்கிறேன். தினமும் காலையில் உட்கார்ந்து பார்க்கிறேன். முதல் நாள் உடனே தலை குனிந்துவிட்டது. நேற்று ஒரு நிமிஷம் பார்த்தேன். அதற்குமேல் என்னால் முடியவில்லை, கண் ஜன்னலுக்குப் போய்விடுகிறது. உன்னிடம் பொய் சொல்லப் போவதில்லை.

சனிக்கிழமை வருகிறேன். கேமரா கொண்டுவர மாட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், நீ பேச வேண்டாம். நான் வேறு பக்கம் பார்த்தால் என் தாடையைப் பிடித்துத் திருப்பு. நீ இருக்கும்போதே நான் பழகிவிட வேண்டும், அக்கா.

தம்பி